துண்டு தின்ற வீடு

கடைத்தெருவில் மீன் வாங்கிய கூடையோடு நான் உள்ளே நுழைந்தபோது என் வீட்டுக்காரர் சவரிமுத்து சமையல்கட்டு வாசப்படியில் உட்கார்ந்து, காப்பியில் ரொட்டியை நனைத்து நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்து, அப்படியே முதல் பூசையும் பார்த்துவிட்டு வந்த மனுஷர். கண் பாதி மூடியிருந்தது. வாய் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

அவர் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக் கிடந்தது. அதன் மூலையில் சிவப்பு நூலில் சிலுவை பின்னியிருந்தது. அதைப் பார்த்ததும் கூடையை அப்படியே கீழே வைத்தேன்.

“இது ஏது?”

“பெரிய பூசை முடிஞ்சதும் கோயில்பிள்ளை கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு.”

“என்னா சொல்லிக் குடுத்தாரு?”

“சேசுவுக்குத் தோத்திரம்னாரு. நானும் தோத்திரம்னேன். திரும்பிப் போயிட்டாரு.”

“உடனே தின்னுடறதா? யாருக்கு, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

“பசிச்சுது, தெரேசு. கோயில்லேர்ந்து வந்ததுதானே, விஷமா வெச்சிருக்கப் போறாங்க? ஒனக்கும் ஓரத்துல கொஞ்சம் வெச்சிருக்கேன் பாரு.”

பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு மேல்தோல் மட்டும் மிச்சம் இருந்தது. அது என்ன துண்டு என்று சவரிமுத்துவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் அம்மா எங்கள் கோயில் தெரு வீடுகளில் துணி தோய்த்தவள். அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் துண்டு எந்த வீட்டுக்கு வருகிறதோ, எந்த வீட்டில் அதைச் சாப்பிடுகிறார்களோ, அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த ஞாயிறு கோயிலுக்கே ரொட்டி கொடுக்க வேண்டும்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மதாம் செலினிடம் போய், தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நான் அந்த ஓரத்தை எடுத்து வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கினேன்.

அவர் தெரியாமல் தின்றார். நான் தெரிந்தே தின்றேன். இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நாற்காலியும் பாயும்

மில்லில் ஊதுகிற சங்கைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதிய வாரம், “உங்க கோயிலப் பத்தி எழுதவே மாட்டியாம்மா?” என்று என் சின்ன மகள் கேட்டாள். எழுதினால் சண்டையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றேன். ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் கோயிலில் முன்பாதி நாற்காலி, பின்பாதி பாய். நாற்காலி என்றால் சும்மா நாற்காலி இல்லை. முட்டி போட மெத்தை வைத்து, முதுகில் பித்தளைத் தகட்டில் குடும்பப் பெயர் வெட்டியது. பிரெஞ்சு சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர்கள், சைகோனுக்குப் போய்ச் சம்பாதித்து வந்தவர்கள், இவர்களோடு தங்களை மேல்சாதி என்று நினைத்துக்கொண்டிருந்த சில குடும்பங்கள் எல்லாம் அதில் உட்காருவார்கள். பாய் எங்களுக்கு. மில்காரர்கள், கழனி வேலைக்காரர்கள், வண்டி இழுப்பவர்கள் என்று நாங்கள்தான் அங்கே கூட்டம்.

ஒரு காலத்தில் நடுவே சுவரே இருந்ததாம். என் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது இடித்தார்களாம். சுவர் நின்ற இடத்தில் குறுக்கே ஒரு வரிசை தரைக்கல் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் பாய் விரித்து நான் பார்த்ததில்லை.

கிறிஸ்தவர்களுக்குள் சாதி ஏது என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். அவர்களைக் கூட்டிப்போய் அந்தக் கல்லைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் நாக்கை நீட்டினோம். எழுந்து திரும்பியதும் அவரவர் கல்லுக்கு அவரவர் பக்கம்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருடம் நடந்த பூசை ஒன்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. முன்னால் சில பெண்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்னால் எங்கள் மில் ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். ஒரே கூரை, ஒரே சாம்பிராணிப் புகை, ஒரே லத்தீன் செபம். ஆனால் ஊரில் நடந்தது ஒரு பாதிக்குத் துக்கம், மறுபாதிக்குக் கொண்டாட்டம்.

அதற்குப் பிறகு முன்பாதியிலிருந்து ஒவ்வொரு குடும்பமாகப் பிரான்சுக்குக் கப்பல் ஏற ஆரம்பித்தது. அப்படிப் போனவர்தான் முசியே லூர்துநாதன். கோயில் தெருவில் நீலக் கதவு போட்ட வீடு அவருடையது. அதுவரை சாரம் என்ற மில்காரர்கள் பகுதியில் குடியிருந்த எங்களை, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தோட்டத்துப் பக்கம் இருந்த இரண்டு அறைகளில் குடிவைத்துவிட்டுப் போனார். தெருக்கதவுச் சாவி தவிர மற்றச் சாவியெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்த அவருடைய அக்கா மதாம் செலினிடம் இருந்தது. ஆக, நாங்கள் குடியிருந்தது நாற்காலிக்காரர்கள் தெருவில். கோயிலில் உட்கார்ந்தது பழையபடி சாரத்துப் பாயில்.

மந்திரித்த ரொட்டி

இந்த ரொட்டி நன்மை இல்லை. அது வேறு, இது வேறு. ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசைக்கு ஒரு குடும்பத்தார் வட்ட வட்டமாக ரொட்டி கொண்டுவருவார்கள். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். கோயில்பிள்ளை அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கூடையில் போட்டு, பூசை முடிந்ததும் எல்லோருக்கும் கொடுப்பார். கோயில்பிள்ளை என்றால் மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, கோயிலைப் பெருக்குவது எல்லாம் பார்க்கிறவர். நாம் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிற ஒரே குடும்பம் என்பதற்கு இந்த ரொட்டிதான் அடையாளம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்வார்.

எல்லோருக்கும் என்றுதான் பேச்சு. கூடை முன்வரிசையில் புறப்படும். வீட்டில் இருக்கிற குழந்தைக்கு ஒன்று, கட்டிலில் கிடக்கிற மாமனாருக்கு ஒன்று என்று கைநிறைய எடுப்பார்கள். தரைக்கல்லைத் தாண்டி எங்களிடம் வரும்போது கூடையில் உதிர்ந்த பொறுக்கு மட்டும்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகள் விரலை ஈரமாக்கி அதை ஒட்டி எடுத்து நக்குவார்கள். கொடி இறங்கியபோதும் இப்படித்தான். ராஜாங்கமே மாறியது, கூடை மாறவில்லை.

இதற்குப் பழைய காலத்து விதிகள் இரண்டு உண்டு. முதலாவது, ரொட்டி கொடுத்தவர்தான் முதலில் சாப்பிட வேண்டும். அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கிருந்துதான் கூடை புறப்பட வேண்டும். இரண்டாவது, ஓரத்துத் துண்டு ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, சிலுவைத் துணியில் சுற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் தோத்திரம் தவிர வேறு பேசக் கூடாது. வாங்கிச் சாப்பிட்டால் அடுத்த முறை அவர்களுடையது.

முறை கோயில் தெருவில் கதவுக்குக் கதவு போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு நீலக் கதவின் முறை. வீட்டுக்குச் சொந்தக்காரர் கப்பலேறிவிட்டாரே, அவருடைய அக்காவிடம் கொடுப்போமா என்றெல்லாம் கோயில்பிள்ளை யோசிக்கவில்லை. எந்தக் கதவோ அந்தக் கதவைத் தட்டி, திறந்தவர் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் அவர் இத்தனை காலமாகச் செய்துவந்த வேலை. திறந்தவர் பசியோடு இருந்த சவரிமுத்து.

மதாம் செலின் கேட்ட கேள்வி

மதாம் செலினை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒல்லியான உடம்பு, வெள்ளைப் புடவை, கையில் கறுப்பு விசிறி. ஒரு முட்டியில் வாதம். ஆனாலும் பூசை முழுக்க முட்டி போட்டேதான் இருப்பார். முன்வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. கோயிலில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது பாவம் என்று நினைக்கிறவர்.

சாயங்காலமே விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. எங்கள் இருவரையும் சாமியார் பங்களாவுக்கு வரச் சொன்னார்கள். போகிற வழியெல்லாம் சவரிமுத்து புலம்பிக்கொண்டே வந்தார். மதாம் வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். எனக்கு அது உறைக்கவில்லை.

“இது எங்க குடும்பத்து முறை, சாமி” என்றார் மதாம். “பாவம், இவங்களுக்குத் தெரியல. நானே ரொட்டி குடுத்துடறேன். வேணும்னா இவங்க பேரையும் சேத்துப் படிங்க.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

“தின்னது நாங்க, சாமி. குடுக்கறதும் நாங்கதான்.”

“மோன் தியே, என் ஆண்டவரே! எப்படிக் குடுப்பே, தெரேஸ்?”

“மாவு பிசைஞ்சு, சுட்டுக் குடுப்போம்.”

“ஒங்க கையாலயா? யாரு சாப்பிடுவாங்க?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். சவரிமுத்து என் முந்தானையைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

கடைசியில் சாமியார் சொன்னார்: “துண்டு தின்ன வீடுதான் ரொட்டி குடுக்கணும், மதாம். இது நான் போட்ட சட்டமில்ல. ஒங்க பெரியவங்க போட்டது. நான் எப்படி மாத்தறது?” அப்புறம் என்னிடம் திரும்பினார். “ஏம்மா, யாரும் தொடாம அப்படியே மீந்துபோச்சுன்னா தாங்குவியா?”

“தாங்க மாட்டேன், சாமி. எடுத்துகினு போயிடுவேன். அதுக்கப்புறம் இந்தக் கோயில் படி ஏற மாட்டேன். நான் மட்டுமில்ல, பாயில ஒக்கார்ற ஒருத்தரும் ஏற மாட்டாங்க.”

“அதான் எனக்கும் பயம்” என்றார்.

மதாம் விசிறியை மடக்கினார். “ஞாயித்துக்கெழம முடியட்டும். வீட்டு விஷயத்த அப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

எல்லார் வீட்டு மாவும்

பாயில் உட்காருகிற ஒருத்தரும் ஏற மாட்டார்கள் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, பாயில் நாங்கள் என்ன ஒற்றுமையாகவா இருந்தோம்? அங்கேயும் இரண்டு பாய். சாரத்து மில்காரர்கள் ஒரு பக்கம், தட்டாஞ்சாவடிக் கழனிக்காரர்கள் ஒரு பக்கம். போன பாஸ்குத் திருநாளில், அதாவது ஈஸ்டரில், கூட்டத்தில் எங்கள் பாய் மேல் தன் பாயை விரித்துவிட்டாள் என்று தட்டாஞ்சாவடி ஞானம்மாளோடு நான் போட்ட சண்டை பாடகர்களின் சத்தத்தையே அமுக்கிவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது அவளிடமே போக வேண்டியிருந்தது. அவள் தம்பி டவுனில் ஒரு முஸ்லிம் பாய் ரொட்டி சுட்டு விற்கிற கிடங்கில் அடுப்படி வேலை பார்த்தான். எங்களில் அடுப்பு தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். மில்லில் என் ஷிப்டு முடிந்து நேராகத் தட்டாஞ்சாவடிக்கு நடந்தேன். ஞானம்மாள் வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“யாரு வந்திருக்கறது பாரு! பாய அளந்து பாக்க வந்தியா?”

“அதில்ல. ரொட்டி சுட ஒன் தம்பிய கேக்க வந்தேன்.”

நடந்ததை எல்லாம் சொன்னேன். சவரிமுத்து தின்ற இடத்தில் சிரித்தாள். மதாம் கேட்ட கேள்வியைச் சொன்னபோது களைக்கொட்டைக் கீழே போட்டாள்.

“அந்த ரொட்டில எங்க ஜனத்துக்கும் பங்கு இருக்குதா? இல்ல, சாரத்துக்காரங்க மட்டும் குடுக்கறதா?”

உண்மையைச் சொன்னால் நான் அதை யோசிக்கவே இல்லை. தின்றது நாங்கள், கொடுப்பது நாங்கள் என்றேனே, அந்த ‘நாங்கள்’ என் புருஷனும் நானும்தான். அவள் கேட்ட பிறகுதான் அது எவ்வளவு சின்னது என்று உறைத்தது.

“இருக்குது” என்றேன்.

“அப்ப எங்க வீட்டு மாவும் அதுல விழணும். பாயில ஒக்கார்ற ஒவ்வொரு வீட்டு மாவும் விழணும். ஒரு கை குடுத்தாப் போதும். மதாம் துப்பினாங்கன்னா ஒன் மூஞ்சில மட்டும் துப்பக் கூடாது, பாரு.”

அந்த வாரம் முழுக்க ஞானம்மாள் தட்டாஞ்சாவடியில் வீடு வீடாகப் போனாள், நான் சாரத்தில் போனேன். கோதுமை மாவு இல்லாதவர்கள் அரிசி கொடுத்தார்கள், கேழ்வரகு கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு ரொட்டிக் கிடங்கு பாய் மாவு கொடுத்தார். கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற அம்மா, அவள் எப்போதாவதுதான் பூசைக்கு வருவாள், அவளும் உப்பு நான் தருகிறேன் என்று ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் அடுப்பு சும்மா இருக்கும் நேரம் பார்த்துக் கிடங்கு பாய் எங்களை உள்ளே விட்டார். மாவு புளிக்கக் கள் ஊற்றினோம். மிச்சக் கள்ளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சவரிமுத்து முன்வந்தார். அவரை விறகு சுமக்க அனுப்பினோம்.

ஒரு பெரிய மரத்தொட்டி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஞானம்மாள். முழங்கை வரைக்கும் மாவு. புழுக்கம், புகை, புளித்த வாசனை. அவள் தள்ளுகிற மாவு என் பக்கம் வரும், நான் தள்ளுவது அவள் பக்கம் போகும். யாருடைய கை மாவு எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒன்றாகிக்கொண்டிருந்தது. பாய்ச் சண்டையைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவள் மாமியாரைப் பற்றித்தான் பேசினோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

முதல் ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது அத்தனை பெண்களும் அதைச் சுற்றிக் கூடிவிட்டோம். எங்கள் யார் வீட்டிலும் அப்படி ஒரு பொருள் அதுவரை உண்டானதில்லை.

கூடை திரும்பிய ஞாயிறு

மெழுகுவர்த்தி பிடித்து நான் முன்னே போக, இரவல் சட்டையில் சவரிமுத்துவும் அவருக்குப் பின்னால் ஞானம்மாளும் ரொட்டித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடுவழியே நடந்தோம். பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருந்த கிராதிக்குப் பக்கத்தில் போய்த் தட்டுகளை வைத்தோம். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். சாம்பிராணி வாசனையை மீறிக்கொண்டு ரொட்டி வாசனை கோயில் முழுக்கப் பரவியிருந்தது.

பூசை முடிந்தது. கோயில்பிள்ளை கூடையைத் தூக்கினார். கால் பழக்கத்தில் முன்வரிசைக்கே போனது. மதாம் செலின் பக்கத்தில் போய் நின்றுவிட்டு, சட்டென்று விதி ஞாபகம் வந்து விழித்தார். ரொட்டி கொடுத்தவர்கள் பாயில் அல்லவா இருக்கிறார்கள்? திரும்பினார். நாற்காலி வரிசைகளையெல்லாம் கடந்து, தரைக்கல்லைத் தாண்டி, நிரம்பிய கூடையோடு எங்களிடம் வந்தார். அந்தக் கோயிலில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

நான் ஒரு துண்டை எடுத்தேன். அடுத்தது ஞானம்மாள். அவள் ஒரு துண்டை எடுத்து, அதில் நகம் அளவுக்குக் கிள்ளிக்கொண்டு, மீதியைக் கூடையிலேயே வைத்துவிட்டாள்.

“ஏண்டி?” என்றேன் மெதுவாக.

“முன்னால இருக்கறவங்களுக்குப் பத்தாம போயிடக் கூடாது.”

அவ்வளவுதான் சொன்னாள். நானும் என் துண்டில் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு மீதியை வைத்தேன். அதைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு துண்டுக்குக் கை நீட்டிய ஒரு பையனின் கையை அவன் அம்மா தட்டிவிட்டாள். கூடை எங்கள் அத்தனை பேரையும் சுற்றி முடித்துத் தரைக்கல்லைத் தாண்டியபோது ஏறக்குறைய நிரம்பியே இருந்தது.

நாற்காலிகளில் கடைசி வரிசைக்காரர்கள் கூடையை வாங்கினார்கள். உள்ளே பார்த்தார்கள். அப்புறம் முன்வரிசையில் இருந்த மதாமின் முதுகைப் பார்த்தார்கள். எடுக்காமல் முன்னால் தள்ளிவிட்டார்கள். அடுத்த வரிசையும் அப்படியே. ஒரு குடும்பம் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டது. சவரிமுத்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டியை எந்தத் துணியில் மூட்டை கட்டுவது என்றுகூட நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கூடை மதாம் செலினிடம் போய்ச் சேர்ந்தது. நிரம்பிய கூடை.

கடைசியாகத் தன்னிடம் வருகிற கூடையில் என்ன இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தாரோ தெரியாது. குனிந்து பார்த்தார். கோயில் அவ்வளவு அமைதியாக இருந்ததால் அவர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

“பின்னால யாரும் எடுக்கலியா?”

“பாயில எல்லாரும் எடுத்தாச்சு, மதாம்” என்றார் கோயில்பிள்ளை.

அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் முனை கிள்ளியிருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் கிள்ளியிருந்தது. அப்புறம் மதாம் செலின் தலையைத் திருப்பினார். உடம்பையே திருப்பி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பின்னால் எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு பாயாகப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க முன்வரிசையில் எடுத்துக்கொண்டு கூடையைப் பின்னால் அனுப்பியவர் அவர்.

முன்னால் திரும்பினார். நகம் அளவுக்குக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கினார். பிறகு கூடையைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்து, “மறுபடியும் கொண்டு போ” என்று நாற்காலிகளைக் காட்டினார்.

கூடை திரும்பிவந்தது. இந்த முறை எடுத்தார்கள். எல்லோரும் எடுத்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டுக்காரர்கள் எடுக்கவில்லை. யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவர்கள் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள், போகட்டும். மீந்த ரொட்டியைக் கோயில் வாசலில் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். நாற்காலிப் பிள்ளைகளும் பாய்ப் பிள்ளைகளும் அடித்துப் பிடித்துத் தின்றார்கள். நான் தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரிலேயே பெரிய மனுஷி நான்தான் என்று இருந்தது.

பக்கத்துக் கதவு

ஒரு வேலை பாக்கி இருந்தது. ஓரத்துத் துண்டு அடுத்த கதவுக்குப் போக வேண்டும். நீலக் கதவுக்கு அடுத்த கதவு மதாம் செலினுடையது. கோயில்பிள்ளை சிலுவைத் துணியை என் கையில் திணித்துவிட்டு, மணியறைக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

கதவைத் தட்டினேன். அவரே திறந்தார்.

“சேசுவுக்குத் தோத்திரம்.”

“தோத்திரம்.”

வாங்கிக்கொண்டார். வேறு எதுவும் பேசக் கூடாது என்பது விதி. விதிகளைப் போட்ட குடும்பத்தில் பிறந்த மதாம்தான் அதை மீறினார்.

“உப்பு கம்மி” என்றார்.

“அடுத்த வாரம் நீங்க சரியாப் போடுங்க, மதாம்” என்றேன்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே போய்ச் சாப்பிட்டாரா, வேலைக்காரியிடம் கொடுத்தாரா, தெரியாது. கோயிலில் நகம் அளவு தின்றது வேறு. வீட்டுக்குள் கொண்டுபோய்த் தின்று, என் கையிலிருந்து முறையை வாங்கிக்கொள்வது வேறு. வாரம் முழுக்க அவர் எங்களோடு பேசவில்லை. வீட்டு விஷயத்தையும் எடுக்கவில்லை. சவரிமுத்து எதற்கும் இருக்கட்டும் என்று பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார். நான் அவிழ்த்து வைத்தேன். அவர் மறுபடி கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசை. மணி அடித்தது. ரொட்டி வருமா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் மெழுகுவர்த்தி தெரிந்தது. பிடித்திருந்தவர் மதாம் செலின். பின்னால் அவர் வீட்டு ஆட்கள் தட்டோடு வந்தார்கள். நொண்டி நொண்டி நடந்து கிராதிவரை போய் ரொட்டியை வைத்தார்.

அடுத்து அவர் முதல் நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வந்த வழியே நேராக நடந்தார். நாற்காலி வரிசைகள் ஒவ்வொன்றாக அவரைத் திரும்பிப் பார்த்தன. தரைக்கல் வந்ததும் ஒரு கணம் நின்றார். முட்டி வலியோ, வேறு என்னவோ. பிறகு அதைத் தாண்டி, எங்கள் பாய் அருகில் வந்து நின்றார்.

“தெரேஸ், கொஞ்சம் நகந்துக்கோ.”

நான் நகர்ந்தேன். ஞானம்மாள் எழுந்து கையைக் கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அம்மாடி’ என்று முனகியபடி, மதாம் செலின் பாயில் உட்கார்ந்தார். சாரத்துப் பாயும் தட்டாஞ்சாவடிப் பாயும் சேருகிற இடத்தில்.

பூசை முடிந்ததும் கோயில்பிள்ளை கூடையோடு முன்வரிசைக்குப் போனார். முதல் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துத் தேடினார். பின்னால் சத்தமில்லாமல் நான் கையை ஆட்டினேன். நிரம்பிய கூடை தரைக்கல்லைத் தாண்டி எங்களிடம் வந்தது.

மதாம் நகம் அளவுக்குக் கிள்ளிச் சாப்பிட்டுவிட்டு, கூடையை என் மடியில் வைத்தார்.

“உப்பு பாரு” என்றார்.

கிள்ளி வாயில் போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

“கொஞ்சம் தூக்கல், மதாம்” என்றேன்.